செபமாலையைக் கழற்றிய பின்னும்

அத்திப்பட்டில் நம் இல்லத்தில் இரவுச் செபம் முடிந்து, செபமாலையை ஆணியில் மாட்டிய பின்னும், பெரியம்மாவின் வலக்கை விரல்கள் மணி உருட்டிக்கொண்டே இருக்கும். பக்தி மிகுதி என்று நாம் பெருமைப்பட்டோம். நாளடைவில் அவரது கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சிறுத்தது, நடை குறுகியது. மருத்துவர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி எனச் சத்து மருந்து தந்தார். முதுமைதானே என்று நாமும் வாளாவிருந்தோம். வீணான அந்த ஓராண்டை எண்ணினால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

பின்னர் மின்தொடர் வண்டியேறிச் சென்னைக்குச் சென்று, நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் பெரியம்மாவை நடக்கச் சொன்னார். மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். மடியில் சும்மா கிடக்கையில் நடுங்கிய கை, தண்ணீர்க் குவளையை எடுக்கையில் அடங்கிற்று. "பார்க்கின்சன் நோய் என்றே நினைக்கிறேன். எதற்கும் மூளையை அல்ட்ரா சவுண்டில் பார்த்துவிடுவோம்" என்றார்.

கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கும் கருவியன்றோ அது! மண்டையோட்டை எப்படிக் கடக்கும் என வியந்தோம். காதுக்கு முன்னால், கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது; அதன் வழியே ஒலியலைகள் நடுமூளை வரை செல்லுமாம். திரையில் அது வண்ணத்துப்பூச்சி வடிவில் தெரியும். உடலசைவுக்கு வேண்டிய டோப்பமினைச் சுரக்கும் உயிரணுக்கள் அங்கே ஒரு கரும்பகுதியில் உள்ளன. அவை மெல்ல மடிவதே இந்நோய். நோயுற்றோரிடம் அப்பகுதி திரையில் வெண்மையாய் ஒளிர்வதை 1995-இல் ஜெர்மனியின் கேயார்க் பெக்கரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். அங்கே இரும்பு மிகுதியாகச் சேர்வது ஒரு காரணம் என்பர். கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை.

ஆனால் நலமாயிருப்போரிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அவ்வெண்மை தெரியும்; நோயுற்ற சிலருக்குத் தெரியாது. முதிய பெண்கள் பலருக்கு எலும்பு தடித்து வழியே அடைபட்டிருக்கும். பெரியம்மாவுக்கு வலப்பக்கம் ஒன்றும் புலப்படவில்லை. இடப்பக்கம் வெண்மை தெளிவாய்த் தெரிந்தது. வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பக்கம் அல்லவா? "படம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், படம் எனக்கு ஒரு துணை" என்றார் மருத்துவர்.

லெவோடோப்பா மாத்திரை எழுதித் தந்தார். அதே பொருளை, நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலிருந்து, 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர் என்பது பின்னர் தெரிந்தது. அப்படியானால் விதையையே அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டு, மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்!

சில வாரங்களில் கை இணங்கிற்று. மருந்துக்கு இப்படி இணங்குவதும் நோயை உறுதிப்படுத்தும் சான்று என்றார் அவர். நோய் போய்விடவில்லை, மாத்திரை நேரம் தவறினால் நடுக்கம் மீண்டும் தலைகாட்டும். ஆயினும் பெரியம்மா இப்போது அரிவாள்மணையில் தாமே மீன் அரிகிறார். இரவுச் செபம் முடிந்ததும் நம் கண்கள் அவர் விரல்கள்மீதே செல்கின்றன.

"என்னடா அப்படிப் பார்க்கிறீர்கள்? போய்ச் சாப்பிடுங்கள்" என்கிறார்.