பொறு என்னும் சொல்

நெடுந்தொலைவு ஓடுகின்றவனைக் கண்டு உலகம் வியப்பது அவனுடைய கால்களை அன்று, அவனுடைய பொறுமையை. மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். எங்கள் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஓடிச்சென்று, ஓடித் திரும்பி, மீண்டும் அதே சாலையில் பாதி வழிக்குமேல் ஓடினால்தான் அக்கணக்கு நிறையும். நலமுள்ள உடலுக்கே இது அரிய செயல். காயம்பட்ட காலோடு இதனைச் செய்ய முனைகின்றவனுக்குப் பொறுமை என்பது யாது? வலியைத் தாங்கிக்கொண்டு ஓடுவதா, ஓட்டத்தை நிறுத்திக்கொள்வதா?

இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர், சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். சரக்கு லாரி ஓட்டுபவர். அத்தா மவுத்தாகிவிட்ட வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவர் உழைப்பை நம்பியே இருக்கின்றனர். ஊரில் இருக்கும் நாட்களில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், கல்வராயன் மலை கண்ணெதிரே தெரியக் கச்சிராயபாளையம் சாலையில் ஓடிப் பழகுவார். சனவரியில் சென்னையில் நடக்கும் மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதற்கு ஐந்து வாரம் இருக்கையில் வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி தொடங்கியது.

“ஹஜ்ரத், ஸப்ரு செய்பவருக்குக் கூலி உண்டு என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடிவிடட்டுமா?” என்று கேட்டார்.

அவருக்கு நான் ஓர் ஓட்டத்தின் வரலாற்றைச் சொன்னேன். 1968ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் மராத்தான் நடைபெற்றது. புறப்பட்டவர்கள் 75 பேர். ஓடி முடித்தவர்கள் 57 பேர். அந்த ஐம்பத்தேழாமவர் தான்சானியா நாட்டு ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் நெரிசலில் சிக்கி விழுந்ததில் அவருடைய முழங்கால் காயமுற்றது. தோளும் தரையில் மோதியது. கட்டுப் போட்டுக்கொண்டு அவர் எழுந்தார்; நொண்டினார்; நடந்தார்; மீண்டும் ஓடினார். முதலில் வந்த எத்தியோப்பியரான மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடத்தில் முடித்துவிட்டார். அக்வாரி எல்லைக்கோட்டைத் தொட்டபோது 3 மணி 25 நிமிடம் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்து, அரங்கில் பெரும்பாலோர் கலைந்துவிட்டனர். எஞ்சியிருந்தோர் எழுந்து கைதட்டி அவரை வரவேற்றனர். தம் நாடு தம்மை அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்காக மட்டுமன்று, முடிப்பதற்காகவே என்னும் கருத்தில் அவர் சொன்ன பதிலை உலகம் இன்றும் எடுத்துரைக்கிறது.

“அப்படியானால் நானும் ஓடலாம்தானே?” என்றார் மாணவர். “பொறுங்கள் தம்பி, கதை இன்னும் முடியவில்லை” என்றேன்.

அதே நாளில், அதே பாதையில், அபேபே பிகிலாவும் ஓடினார். 1960இல் ரோம் நகரில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். 1964இல் டோக்கியோவில், குடல்வால் அறுவை செய்துகொண்டு ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், மீண்டும் வென்றவர். வலிக்கு அஞ்சுகின்றவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. அவர் மெக்சிகோவில் கால் காயத்தின் காரணமாக ஏறத்தாழ 16 கிலோமீட்டரிலேயே ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். நம் நாட்டு சிவ்நாத் சிங்கையும் நினைத்துப் பார்க்கலாம். பாதங்களில் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடியவர். 1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பதினோராமவராக வந்தவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிப் பல பத்தாண்டுகள் நிலைத்த தேசியச் சாதனையைப் படைத்தவர். அவராலும் 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் மராத்தானை நிறைவு செய்ய இயலவில்லை. அதனால் அவருடைய பெயர் சிறுத்துவிடவில்லை.

முடித்த அக்வாரியை உலகம் கொண்டாடுகிறது; நிறுத்திய பிகிலாவின் அந்நாளை மறந்துவிடுகிறது. ஆனால் பொறுமை இருவரிடமும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அரபு மொழியில் ‘ஸப்ரு’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டிவைத்தல் என்பதாகும். துன்பத்தில் புலம்பாதபடி நாவைக் கட்டுவதும் ஸப்ரு. ஆசை இழுக்கும் திசையில் செல்லாதபடி தன்னைக் கட்டுவதும் ஸப்ரு. நம் தமிழும் இதில் குறைந்ததன்று. ‘பாரம் பொறுத்தான்’ என்றால் தாங்கினான் என்று பொருள். ‘சற்றே பொறு’ என்றால் நில், காத்திரு என்று பொருள். தாங்குவதும் காத்திருப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இரண்டில் எது தேவை என்பதை அறிவதே அறிவு.

அதை அறிய உடலே சில குறிகளைக் காட்டுகிறது. இரு கால்களிலும் பரவலாகத் தோன்றி, ஓரிரு நாளில் தணிந்துவிடும் தசைவலி உழைப்பின் வலி. ஒரே காலில், எலும்பின் ஒரே புள்ளியில் நின்று, ஓட ஓட மிகுந்து, நடையையே மாற்றிவிடும் வலி எச்சரிக்கை. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைவிடச் சுமை விரைந்து ஏறினால், அதில் மயிரிழை போன்ற விரிசல் விழும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்தில்கூட அது தெரியாமல் போகலாம். வலிமாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவதோ இரட்டைக் கேடு: எச்சரிக்கையின் வாயை அது மூடிவிடும், வியர்வையில் நீர் வற்றிய உடலில் அத்தகைய மாத்திரைகள் பல சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

மாணவரை எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஸ்கேனில் விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். லாரியின் பிரேக்கை மிதிக்கும் கால் அது. அது முறிந்திருந்தால் முடங்கியிருப்பது ஒரு கால் மட்டுமன்று; ஒரு குடும்பமே முடங்கியிருக்கும். அக்வாரி விழுந்தது ஓட்டத்தின் நடுவில். அவருக்கு அது நாட்டின் பெயரால் வந்த ஒரே ஒரு நாள். இவருக்கோ முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிட்டது. மராத்தான் அடுத்த ஆண்டும் வரும்.

ஆனாலும் நிற்பது எளிதன்று. இதை நான் என் முழங்காலிலிருந்தே அறிவேன். மூட்டுத் தேய்மானத்தால் சில ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறேன். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்னும் சலுகையை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும், ஸஃப்பின் ஓரத்தில் முதன்முதலாக நாற்காலியை இழுத்துப் போட்ட அன்று, என்னிலும் மூத்தவர்கள் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு மனம் கூசியது. ‘இன்றொருநாள் நின்றுவிடலாமே’ என்று உள்ளம் தூண்டியது. அத்தூண்டுதலைக் கட்டிவைப்பதற்கு, நிற்பதைவிட மிகுதியான பலம் வேண்டியிருந்தது.

அந்தச் சனவரியில் மாணவர் சென்னைக்குப் போகவில்லை. தெருவில் சிலர், “என்ன, பயந்துவிட்டாயா?” என்று கேலி செய்தனராம். அவருடைய அம்மா மட்டும், “என் பிள்ளை பொறுத்திருக்கிறான்” என்று பதில் சொன்னாராம். எந்தக் கிதாபையும் பாராமலே அந்தத் தாய் சொல்லின் முழுப்பொருளையும் சொல்லிவிட்டார்!

நம் வீட்டுப் பிள்ளைகள் காலையில் ஓடட்டும், ஓடுவது நல்லது. விழுந்தவன் எழுந்து ஓடி முடிக்கும்போது கைதட்டுவோம். காயத்தை உணர்ந்து ஒருவன் நின்றுவிட்டால், அவனையும் நல்ல சொல் சொல்லி வீட்டுக்கு அழைத்து வருவோம். இப்போது மருத்துவரின் அனுமதியோடு மாணவர் நாள்தோறும் சிறிது தூரம் மெல்ல ஓடுகிறார். முழுத் தூரத்துக்கு எப்போது என்று நான் கேட்பதில்லை. அவருக்குப் பொறுக்கத் தெரியும்.