மூழ்கும் கொட்டை

விதைக்கொட்டை பொறுக்கச் சொன்னால், புதிதாக வேலைக்கு வரும் யாருடைய கையும் பெரிய கொட்டைக்குத்தான் போகும். பருப்பு வியாபாரத்தில் அது சரிதான். பெரிய பருப்புக்கு விலை அதிகம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி நாற்றங்கால்களிலேயே காலம் போன எனக்கு, விதைக்கு அந்தக் கணக்கு உதவாது என்பதில் சந்தேகமே இல்லை. நான் பார்ப்பது ஓட்டுக்குள் பருப்பு நிறைந்திருக்கிறதா என்பதை.

பங்குனி, சித்திரையில் முற்றி விழுந்த கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். மூழ்கியது விதைக்கு, மிதந்தது கழிவுக்கு. மிதப்பதில் பருப்பு சுருங்கிக் காற்று நிற்கும். மிகப் பெருத்த கொட்டைகளில் இந்தக் குறை அதிகம். ஓடு வளர்ந்த அளவுக்கு உள்ளே பருப்பு வளர்ந்திருக்காது. 1960களில் தான்சானியாவில் நார்த்வுட் என்ற ஆய்வாளரும் இதையே கண்டார்: அடர்த்தி கூடிய கொட்டை நன்றாக முளைக்கிறது, நாற்றும் வலுவாக வருகிறது.

பெரியது, சிறியது இரண்டுமே மூழ்கிவிட்டால்? அப்போது பெரியதற்கு ஒரு சாதகம் உண்டு. முந்திரியின் விதையிலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து பச்சையாக விரியும். முதல் இலைகள் முற்றும்வரை நாற்றுக்குச் சாப்பாடு அவற்றில்தான். சேமிப்பு கூடுதல் என்றால் தண்டு தடிக்கும், இலை அகலும். ஆனால் தடித்த, எண்ணெய் ஊறிய ஓட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக நேரமாகும், முளைப்பு பிந்தும். சிறியது முந்தி வரும், மெலிந்து வரும். இலைகள் வேலையைத் தொடங்கிய பிறகு இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். அணில் வந்து விதையிலையைக் கடித்துவிட்டாலோ, பெரிய கொட்டையின் சாதகம் அன்றைக்கே போயிற்று. வலை கட்டாத நாற்றங்காலில் விதை அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இந்த நாற்றுகளின் மேல் ஒட்டுக் கட்டுகிறவருக்கு அளவைவிடச் சீர்தான் பெரிது. 45 முதல் 60 நாள் வயதில் நாற்றின் தண்டும் ஒட்டுக்குச்சியும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். அப்போதுதான் பட்டையோடு பட்டை சேரும். பெரியதும் சிறியதும் கலந்து விதைத்த பாத்தியில் நெட்டை நாற்றுகள் குட்டைகளுக்கு நிழலாகி, வித்தியாசத்தை இன்னும் கூட்டிவிடும். அதனால் 5 முதல் 8 கிராம் வரையுள்ள நடுத்தரக் கொட்டைகளை ஒரு பாத்தியில் போடுகிறோம். மூழ்கிய சிறிய கொட்டைகளை நான் எறிவதில்லை. அவற்றுக்குத் தனிப்பாத்தி, ஒட்டு சில வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

சில விவசாயிகள் தோட்டத்திலிருந்து பெருங்கொட்டைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, "அண்ணே, இதுலயே கன்னு போட்டுக் குடுங்க, காய் பெருசா வரும்" என்பார்கள். முந்திரி அயல் மகரந்தத்தில் காய்ப்பது. கொட்டையிலிருந்து வரும் மரம் தாயைப்போல இருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் ஆசைப்படும் காய் ஒட்டுக்குச்சியிலிருந்துதான் வரும். அதனால் அந்தக் கொட்டையை வாங்கி வைக்காமல், அது காய்த்த மரத்திலிருந்து நல்ல குச்சி வெட்டி வரச் சொல்லி அனுப்புகிறேன்.