ஆம்பளைக்கும் வரும்

என் தாய்மாமாவுக்குக் கேரளத்துப் பெருங்கடவிளையில் ரப்பர் வெட்டுதான் தொழில். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், பாலெடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு வீடு திரும்ப உச்சியாகிவிடும். அதன் பிறகு இடுப்பில் ஒரு கைலி, தோளில் ஒரு துவர்த்து, அவ்வளவுதான் உடுப்பு. நெய்யாற்றில் குளிக்கும்போதும், நாராயண குரு 1888-ல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் கோயிலில் கும்பிடும்போதும் வெற்று மார்புதான். ஊரே பார்த்த அந்த மார்பில் ஒரு நோய் வளர்ந்தது யார் கண்ணிலும் படவில்லை.

முதலில் கண்டது மாமி. துணி துவைக்கும்போது பனியனின் இடப்பக்கத்தில், காய்ந்த ரப்பர் பால் கறைக்கு நடுவே செம்பழுப்பாக ஒரு புள்ளி. கொப்பு கீறியிருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகும் அதே இடத்தில் கறை. மாமாவை நிறுத்தி வைத்துப் பார்த்தால், முலைக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதன் அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் வலியில்லை, நகரவும் இல்லை.

“வலிச்சாத்தானே தீனம்? ஆம்பளைக்கு ஏது அந்தத் தீனம்?” என்றார் மாமா.

முதலில் பார்த்த மருத்துவர் களிம்பு கொடுத்தார். களிம்பிலேயே மாதங்கள் போயின. அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் புறப்பட்டோம். 1981-ல் தொடங்கிய அந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மார்பக எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். ஆணென்று மாமா ஒருவர்தான். குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அன்பாகத்தான் கேட்டார்: “யாருக்கு அண்ணே, வீட்டுக்காரிக்கா?” மடியில் தன் பெயர் எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு மாமா சொன்னார்: “ஆமா, அவளுக்குத்தான்.”

ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் உறுதியானது.

ஆணுக்கும் மார்புத் திசு உண்டு என்பதையே நாங்கள் அன்றுதான் அறிந்தோம். மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். பெரும்பாலும் அறுபது வயதையொட்டி வரும். ஆணின் மார்பில் திசு குறைவு என்பதால் சின்னக் கட்டியும் சீக்கிரமே தோலையும் நெஞ்சுத் தசையையும் தொட்டுவிடும். கையில் தட்டுப்பட வசதியான நோய்தான். ஆனாலும் ஆண்கள் பெண்களைவிடத் தாமதமாகவே வருகிறார்கள். இது பெண்களின் நோய் என்ற நினைப்புதான் காரணம்.

இடது மார்பை முழுதாக எடுத்தார்கள், அக்குள் நெறிகளோடு. பிறகு கீமோ, கதிர்வீச்சு, தினமும் தமாக்சிஃபென் மாத்திரை. ஆண்களுக்கு வரும் இந்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஹார்மோனால் வளர்பவை. அதனால் பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை இவர்களுக்கும் உதவுகிறது. கை தூக்க வராமல் போகக்கூடாது என்று விரல்களைச் சுவரில் மேலே மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். எட்டிய உயரத்தில் மாமி பென்சிலால் கோடு போட்டு வைத்தார். அடுக்களைச் சுவரில் அந்தக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போனதை நான் பார்த்தேன். ஊருக்கு மட்டும் “நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன்” என்றே சொல்லி வந்தோம்.

அந்த மௌனத்தை உடைத்தது மாமாவின் ஒரு கேள்விதான்: “எனக்க பிள்ளைகளுக்கும் வருமா டாக்டர்?” பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் ஆணுக்கும் இந்த ஆபத்து கூடும். அது மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்கும் என்று விளக்கினார்கள். மாமாவிடம் அது இருந்தது. இரண்டு பெண்களில் மூத்தவளுக்கும் இருக்கிறது, இளையவளுக்கு இல்லை. மூத்தவள் இப்போது தவறாமல் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். அப்பாவின் நோய்தான் மகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தது.

பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸும் சட்டையில் விழுந்த இரத்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் போனார். அவருக்கும் இதே மரபணுக் கோளாறுதான். 2019-ல் தொலைக்காட்சியில் அதை வெளிப்படையாகச் சொன்னார். இதை நான் சொன்னபோது மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாயாக்கடையில், கூட வெட்டுக்குப் போகிறவர்கள் நடுவில் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். “ஆம்பளைக்கும் வரும்லே. தடவிப் பாருங்க” என்றார்.

அதையே நானும் சொல்கிறேன். மாதம் ஒரு தடவை குளிக்கும்போது இரண்டு மார்பையும் அக்குளையும் விரலால் தடவிப் பாருங்கள். வலியில்லாத கெட்டிக் கட்டி, உள்ளிழுத்த காம்பு, கசிவு, ஆறாத புண் எது தெரிந்தாலும் களிம்போடு நின்றுவிடாமல் திசுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். குடும்பத்தில் அம்மா, அக்கா, அப்பா யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டால் சுகப்படுத்தக்கூடிய நோய் இது. வெட்கத்துக்காக உயிரைக் கொடுக்காதீர்கள்.