ஆயிரம் ஆட்டங்களின் கூலியாள்

உதைபந்தாட்ட இரசிகர்களின் நினைவு ஒரு விசித்திரமான பதிவேடு. உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர்களுக்கு அதில் இடம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கழகம் விட்டுக் கழகம் மாறி, பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளிலேயே காலங்கழித்த சிலருக்கும் அதில் தனிப் பக்கங்கள் உண்டு. அத்தகையோரில் என் மனத்துக்கு நெருக்கமானவர் இங்கிலாந்தின் ஸ்ரீவ் கிளாரிட்ஜ்.

1966 இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்த இந்த முன்கள வீரர், இங்கிலாந்து தேசிய அணிக்கு ஒருநாளும் ஆடியதில்லை. போர்ண்மவுத், அல்டர்ஷொட், கேம்பிரிட்ஜ், லூட்டன், பேர்மிங்ஹாம், லெஸ்ரர், வூல்வர்ஹாம்ப்டன், போர்ட்ஸ்மவுத், மில்வோல் என்று நீளும் அவரது கழகங்களின் பட்டியல் அத்துடனும் முடிவதில்லை. காலுறைகள் கணுக்கால்வரை சரிந்திருக்க, வயல்வேலைக்கு இறங்கியவர்போல மைதானம் முழுதும் ஓடுவார். அவர் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், பயிற்றுநர் ஜோன் பெக் ஆட்டத்துக்கு முன் வீரர்கள்மீது குளிர்நீரை வாளியால் ஊற்றிய கதை பிரசித்தமானது. சூதாட்டத்தில் தாம் பணம் இழந்ததையும் கிளாரிட்ஜ் தமது சுயசரிதையில் ஒளிக்கவில்லை.

1996 மே 27. வெம்பிளி அரங்கு. பிரீமியர் லீக்கிற்குத் தரமுயரும் கடைசி இடத்துக்காக லெஸ்ரர் சிற்றியும் கிறிஸ்டல் பலஸும் மோதின. மேலதிக நேரமும் முடியும் தறுவாயில் எண்ணிக்கை 1–1. தண்ட உதைகள் நிச்சயம் என்று கருதிய முகாமையாளர் மார்ட்டின் ஓ'நீல், நெடிதுயர்ந்த மாற்றுப் பந்துகாப்பாளர் கலாச்சை உள்ளே அனுப்பியிருந்தார். அப்போது பெட்டிக்கு வெளியே தம்மிடம் வந்த பந்தைக் கிளாரிட்ஜ் அடித்தார். அது பாதத்தில் அல்லாமல் கணைக்காலில் பட்டுப் பறந்து கம்பத்தின் மேல்மூலைக்குள் புகுந்தது. பந்துகாப்பாளர் நைஜல் மார்ட்டின் நின்ற இடத்திலேயே நின்றார். லெஸ்ரர் இரசிகர்கள் இன்றும் சிரித்தபடி சொல்வது அந்தக் கணைக்காலைப் பற்றித்தான்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், மார்ச் மாதத்தில், லாகூரில் இலங்கை கிறிக்கெற் உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. எங்கள் விளையாட்டுப் பக்கங்களில் வேறெதற்கும் இடமில்லாத காலம் அது. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு ஆட்டமொன்று, வந்தாலும் மூலையில் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் எத்தனை பேரின் வாழ்நாள் மகிழ்ச்சி அடங்கிக்கிடக்கிறது என்பதைச் செய்தி மேசையில் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை.

மறு ஆண்டு, 1997 ஏப்ரலில், லீக் கிண்ண இறுதியாட்டத்தின் மறு ஆட்டத்திலும் மேலதிக நேரத்தில் ஒரே கோலை அடித்து மிடில்ஸ்ப்ரோவை வீழ்த்தியவர் அவரே. 1964 இற்குப் பிறகு லெஸ்ரர் வென்ற முதற் பெருங்கிண்ணம் அது. ஆயினும் 1998 இல் அவர் வேறு கழகம் தேடிப் போகவேண்டியிருந்தது. 2005 இல் மில்வோலின் முகாமையாளர் பதவி கிடைத்தது. பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்குமுன்பே, 36 நாட்களில், அதுவும் பறிபோனது.

அவர் ஓடுவதை நிறுத்தவில்லை. 2006 டிசம்பரில், 40 வயதில், தமது லீக் வாழ்வு தொடங்கிய போர்ண்மவுத்துக்காகவே ஆயிரமாவது ஆட்டத்தை ஆடினார். போர்ட் வேலிடம் 4–0 எனத் தோற்ற ஆட்டம்! கதாசிரியன் ஒருவன் எழுதியிருந்தால் அங்கே ஒரு கோலாவது வைத்திருப்பான். வாழ்க்கை வைக்கவில்லை.

எனக்கு இந்தத் தோல்வியும் வெம்பிளிக் கோலும் ஒரே மனிதனுக்கு உரியவை என்பதே முக்கியமாகப்படுகிறது. முப்பதாண்டு காலம் நாளிதழ்களில் எழுதியவர்களுக்கு இது புரியும். எழுதியவற்றுள் பெரும்பகுதி மறுநாளே கடலைச் சரையாகியிருக்கும். எந்த வரி எவர் மனத்தில் தங்கும் என்று எழுதும்போது தெரியாது. தெரியாமலே ஒவ்வொரு நாளும் முழுமனதோடு எழுத வேண்டும்.

கிளாரிட்ஜ் ஆயிரம் முறை களமிறங்கினார். உலகம் பேசுவது இரண்டு கோல்களைப் பற்றி. ஆனால் பனியிலும் சேற்றிலும் கீழ்ப் பிரிவு மைதானங்களின் வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்கு, மற்ற ஆட்டங்களும் கணக்கில் உண்டு. தோற்றுக்கொண்டிருந்த அணிக்காகக் கடைசி நிமிடத்திலும் பந்தைத் துரத்திய அந்தச் சரிந்த காலுறைகளை அவர்கள் மறப்பதில்லை. உழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய சம்பளம் எது?