கோயிலுக்கு ஏன் பழைய டிராக்டர் வாங்கினோம்?



கோயில் பின்பக்கம் சிவப்பு கலர்ல ஒரு பழைய டிராக்டர் நிக்கிறதைப் பலர் பார்த்திருப்பீங்க. "உபயக் காசுல பழைய இரும்பா வாங்குறாங்க?" என்று சிலர் கேட்டதும் எங்க காதுக்கு வந்தது. கேட்டது நியாயம்தான். அது பக்தர்கள் காசு, பதில் சொல்லணும். அதனால தொண்டர்கள் நாங்க சேர்ந்து இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் காலியான பிறகும் நம்ம அம்மன் அதே இடத்துலதான் இருக்கா. சுத்தி செம்பனை. கோயில் நிலம் ரெண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. மழை பெய்தால் லாலான் எப்படி வளரும்னு கெடாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோள்ல மாட்டுற மெஷினோட நாலு பேர் ஞாயிறு முழுக்க வெட்டினாலும் பாதிதான் முடியும். இளைஞர்கள் பலர் பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் வேலை. கூலிக்கு ஆள் வச்சா, அது மாசாமாசம் வர்ற செலவு. திருவிழா வந்தா மண் இழுக்கணும், தண்ணி டாங்கி இழுக்கணும், பந்தல் சாமான் ஏத்தணும்.

புது டிராக்டர் விலை கேட்டோம். கேட்டதோட சரி. கடைசியில சுங்கை பட்டாணி பக்கம் ஒரு மாஸி பெர்கூசன் 135 கிடைச்சது. விலை, ஒரு பழைய மைவி கார் விலைக்குள்ளதான். ரசீது அலுவலகத்துல இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

இந்த 135 மாடல் 1964 கடைசியில இங்கிலாந்து கவென்ட்ரி தொழிற்சாலையில இருந்து வெளிவந்தது. பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், மூணு சிலிண்டர், இரண்டரை லிட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச எந்தப் பட்டறையிலும் பிரிச்சு மாட்டலாம். சாமானுக்கும் கவலையில்லை. 1960-ல மாஸி பெர்கூசன் கூட்டோட சென்னையில ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி இதே குடும்பத்து டிராக்டர்களைப் பல வருஷம் செஞ்சிருக்கு. அதனால இந்தியாவுல செஞ்ச பாகங்கள் இன்னைக்கும் கிடைக்குது. பழைய வண்டி வாங்கினா சாமான் கிடைக்கிற பழசைத்தான் வாங்கணும். அபூர்வமான பழசு அழகா இருக்கும், புல்லு வெட்டாது.

பார்க்கப் போனப்போ, தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல டிராக்டர் ஓட்டின ஒரு தாத்தாவைக் கூட்டிட்டுப் போனோம். முதல்ல பார்த்தது அலோர் ஸ்டார் பக்கம், நெல்லு வயல்ல ஓடின வண்டி. பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. தாத்தா பின்சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு பார்த்துட்டு, "தம்பி, சேத்துலயே கிடந்த வண்டி. பிரேக்கு டிரம்முக்குள்ள என்ன இருக்குன்னு சாமிக்குத்தான் தெரியும், வாங்க போவோம்" என்றார். வந்துட்டோம்.

ரெண்டாவது வண்டியில அவர் முதல்ல தொட்டது எஞ்சினை இல்லை, கியர்பாக்ஸ் எண்ணெயை. இந்த டிராக்டர்ல கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் கம்பி ரப்பர் கிழிஞ்சா மழைத்தண்ணி உள்ளே இறங்கும். எண்ணெய் தே தாரிக் கலர்ல வந்தா உள்ளே தண்ணி இருக்குன்னு அர்த்தம். நம்மது சுத்தமா இருந்துச்சு. பிறகு எஞ்சின் முழுசா ஆறின பிறகுதான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூடா இருக்குற எஞ்சின் பொய் சொல்லுமாம். பின்னாடி பாரம் மாட்டித் தூக்கிப் பார்த்தோம். குதிக்காம, நடுங்காம ஏறிச்சு. அப்புறம்தான் விலை பேசினோம்.

இனி முக்கியமான விஷயம். போன வாரக் கூட்டத்துல கொஞ்சம் சத்தமாவே பேசிக்கிட்டோம். "டிராக்டர் வந்தாச்சே, இந்த வருஷம் ரதத்தை அதுலயே இழுப்போம்" என்று ஒரு பக்கம். பிள்ளைங்க மட்கார்டுல உட்கார்ந்து வந்தா அழகா இருக்கும்னு இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் இப்போதைக்கு இல்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். காரணம் இருக்கு.

பாரத்தைப் பின் அச்சுக்கு மேல கட்டி இழுத்தா டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுறவர் மேலயே கவிழும். கிளட்ச் மிதிக்கக்கூட நேரம் இருக்காது. சங்கிலியைக் கீழே இருக்குற டிராபார்லதான் மாட்டணும். கவிழ்ந்தா ஆளைக் காப்பாத்துற இரும்புச் சட்டத்தை ஸ்வீடன் 1959-லயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிடுச்சு. நம்ம வண்டியில அது இல்லை. பட்டறையில சும்மா பைப்பை வளைச்சு வெல்டிங் அடிச்சா அது பாதுகாப்பு ஆகாது. இந்த மாடலுக்குன்னு சோதிச்சுச் செஞ்ச சட்டமும் சீட் பெல்ட்டும் வாங்கணும். அதுவரைக்கும் சமதரையில மட்டும்தான் ஓடும், குளத்து மேட்டுப் பக்கம் போகாது. மட்கார்டுல யாரும் ஏறக்கூடாது, குழந்தைன்னாலும் தலைவர்னாலும் சரி.

இன்னொண்ணு, இது நமக்குன்னே உள்ள ஆபத்து. புல் வெட்டும் ஸ்லாஷரை ஓட்டுற பின் தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும், அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது. பூஜை முடிஞ்சு வேட்டியோட, தோள்ல துண்டோட அப்படியே வந்து நிக்கிற பழக்கம் நமக்கு இருக்கு. துண்டு நுனி மாட்டினாலே போதும், ஆளை இழுத்துடும். வேட்டி, துண்டு, துப்பட்டா, சேலையோட யாரும் கிட்ட வரவேண்டாம். தண்டுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டாச்சு, இருந்தாலும் வரவேண்டாம். ஸ்லாஷர் ஓடும்போது கல்லும் தெறிக்கும், பிள்ளைங்களை மண்டபத்துக்குள்ளயே வச்சுக்குங்க.

ரோட்டுக்கு இதைக் கொண்டுபோக மாட்டோம். அதுக்கு ஜேபிஜே பதிவும் தனி லைசென்ஸும் வேணும். ரதத்தை வழக்கம்போல வடம் பிடிச்சு நாமதான் இழுக்கப்போறோம். ஆள் குறைவுன்னு தெரியும், அதனால தேதியை இப்பவே குறிச்சு வச்சுக்குங்க.

ரெண்டு பையன்கள் ஓட்டக் கத்துக்கிறாங்க. தாத்தாவுக்கு வயசாகுது, எல்லா வாரமும் வரமுடியாது. உங்க அப்பாவோ தாத்தாவோ தோட்டத்துல டிராக்டர் ஓட்டினவரா? ஒரு ஞாயிறு காலையில கூட்டிட்டு வாங்க. நிழல்ல நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுக்குறோம். வேலை ஒண்ணும் செய்ய வேண்டாம், எஞ்சின் சத்தம் கேட்டு எது சரியில்லைன்னு சொன்னா போதும்.