ஆர்.கே. நகரில் ஓர் ஆசிரியர்

2016 சட்டமன்றத் தேர்தலில் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நிறுத்திய வேட்பாளர் வே. வசந்தி தேவி. வயது 77. ஜெயலலிதா 97,218 வாக்குகள் பெற்றார். வசந்தி தேவிக்கு ஐயாயிரம்கூடத் தேறவில்லை, டெபாசிட்டும் போனது. துணைவேந்தராக இருந்தவருக்கு இந்த வயதில் இது தேவையா என்று நண்பர்கள் கேட்டார்கள். தேவைதான் என்று அன்று வாதிட்டேன். இன்றும் அதையே சொல்வேன்.

அவர் அரசியலுக்கு அன்று புதிதாக வந்தவரல்ல. திண்டுக்கல்லில் பிறந்து, வரலாறு படித்து, கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலேயே ஆசிரியர் சங்கப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்றவர். 1992இல் திருநெல்வேலிக்குத் துணைவேந்தராகப் போனபோது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே ஆறாண்டுகள். பிறகு, அ.தி.மு.க. ஆட்சியில், மாநில மகளிர் ஆணையத் தலைவர். அதே கட்சியின் தலைவியை எதிர்த்துப் பின்னாளில் களமிறங்கினார். பதவியை நன்றிக்கடனாகச் சுமக்காத அந்தத் தெளிவு அபூர்வமானது.

எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் ‘தமிழகத்தில் கல்வி’ என்ற நூலாக வந்திருக்கிறது. துணைவேந்தர் என்ற பதவியின்மேல் எனக்கு மரியாதை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

ஆனால் நான் அவரைப் பெரிதும் மதிப்பது அந்தப் பதவிக்குப் பிந்தைய வேலைக்காக. பல்கலைக்கழகத்தை ஆண்டவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தார். பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு உயிர் கொடுங்கள் என்று சலிக்காமல் பேசினார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கூலிக்குப் போகும் தாய்க்குச் சட்டம் கொடுத்த நாற்காலி அது. தேர்தல் மேடையைவிட அது பெரிய அரசியல் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல், “கணக்கு டீச்சர் எப்ப சார் வருவாங்க? எம் புள்ள போன வருசத்துலேர்ந்து கேட்டுட்டு இருக்கான்” என்றாள். தலைமை ஆசிரியர் மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். “எழுதுன காயிதத்தக் காட்டுங்க சார்” என்றாள்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி வசந்தி தேவி மறைந்த செய்தி வந்தபோது அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன். இவர் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டாள். இவர் ஊர் ஊராகப் பேசியது அவளைப் போன்றவர்களின் கேள்விக்காகத்தான்.