ஐந்தாம் சக்கரமும் அம்மாவின் படிக்கட்டும்



சில மாதங்களுக்கு முன் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் வாகனங்களைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். பூன் லேயில் வாழும் பிள்ளைகளுக்கு வாகனம் என்றதும் மகிழுந்து நினைவுக்கு வருவதில்லை. ஜூரோங்கிற்கும் துவாஸிற்கும் கொள்கலன்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளே நினைவுக்கு வருகின்றன. "அந்த லாரியின் தலைப்பகுதியையும் பின்வண்டியையும் இணைக்கும் பொருளுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர்" என்றேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், நான் பார்த்தேன், அது உருளவே இல்லையே!" என்றான்.

அவன் கேட்டது சரிதான். அது உருளும் சக்கரமன்று. குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையத்தைப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேல் கிடந்த அவ்வளையமே ஐந்தாம் சக்கரம் எனப்பட்டது. இன்றோ அது மசகு தடவிய ஓர் இரும்புத் தட்டு. பின்வண்டியின் அடியில் நீண்டிருக்கும் தடித்த இரும்பு முளை அதனுள் புகுந்து பூட்டிக்கொள்ளும். என் தந்தையார் ஜூரோங்கில் டிரெய்லர் ஓட்டுநராக இருந்தவர். சிறுமியாக இருந்த எனக்கு அத்தட்டைக் காட்டி, "லாரி வெறுமனே இழுக்குதுன்னு நெனைக்காதே. பின்னால வர்றதோட பாரத்துல ஒரு பங்கைத் தன் முதுகுலயே தாங்குது" என்று சொல்வார்.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐந்தாம் சக்கரம் எங்கள் வீட்டிற்குள் மீண்டும் நுழையும் என்று நான் எண்ணியதே இல்லை. அதைக் கொண்டுவந்தவர் என் அண்ணன்.

அண்ணன் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தொழிலால் மின்பணியாளர். ஓய்வு பெற்றதும் அண்ணியுடன் அந்த நாட்டைச் சுற்றிவரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஐந்தாம் சக்கர இணைப்புள்ள இழுவை வீடு ஒன்றை வாங்க முடிவு செய்தார். சாதாரண இழுவை வீடுகள் வாகனத்தின் பின்முனையில் தொங்கும். இவ்வகையோ சிறு லாரியின் பின்தட்டின் மேல், பின்னச்சுக்கு நேராக அமர்ந்துகொள்ளும். அதனால் பாரம் சீராகப் பரவுகிறது. நெடுஞ்சாலையில் வால் ஆடுவது குறைகிறது. சிங்கப்பூரில் இத்தகைய வீட்டை நிறுத்தவும் இடமில்லை, ஓட்டிச் செல்லத் தொலைவும் இல்லை. அங்கோ நல்லார்பர் சமவெளியில் வளைவே இல்லாத சாலை மட்டும் 146.6 கிலோமீட்டர் நீள்கிறது!

அண்ணன் முன் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் வண்டி. இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் இவை பெருமளவில் உற்பத்தியாகின்றன. விரிந்த கூடம், பெரிய குளிர்பதனப் பெட்டி, பொத்தானை அழுத்தினால் வெளியே நகரும் பக்கச்சுவர் என்று படங்களைப் பார்த்தாலே மனம் மயங்கும். மற்றொன்று, மெல்பர்னின் கேம்பல்ஃபீல்டு போன்ற பகுதிகளில் உள்ள ஆஸ்திரேலியப் பட்டறைகளில் கட்டப்படும் வண்டி. அண்ணன் கேட்டுப் பார்த்தவற்றுள் இதுவே அளவில் சிறியது, விலையில் கூடியது. காத்திருக்கவேண்டிய காலமும் அதிகம். அண்ணனின் மனம் அமெரிக்க வண்டியையே நாடியது. இக்கரைக்கு அக்கரை பச்சை அல்லவா?

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சிக்கல்கள் தெரியத் தொடங்கின. அமெரிக்க வண்டியின் மின்னமைப்பு 120 வோல்ட்டிற்கானது. ஆஸ்திரேலியாவிலோ, நம் நாட்டைப் போலவே, 230 வோல்ட். "அது என் தொழில்தானே, பார்த்துக்கொள்வேன்" என்றார் அண்ணன். அகலமோ அமெரிக்காவில் 102 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.59 மீட்டர் வரை இருக்கலாம்; ஆஸ்திரேலியாவில் இழுவை வீட்டிற்கான வரம்பு அதைவிடக் குறைவு. எரிவாயுப் பொருத்தங்களுக்கு உள்நாட்டுச் சான்று வேண்டும். மொத்த எடை 4.5 டன்னைத் தாண்டினால் விதிகள் இன்னும் கடுமையாகும். 2018 இல் இயற்றப்பட்ட சாலை வாகனத் தரச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடப்புக்கு வந்தபின், இறக்குமதியானாலும் உள்ளூரில் கட்டியதானாலும் புதிய வண்டி ஒவ்வொன்றும் அங்கீகாரப் பதிவேட்டில் இடம்பெறவேண்டும். ஆகவே, முறையாக மாற்றியமைத்து விற்கப்படும் இறக்குமதி வண்டிகளும் உண்டு. எவ்வளவு மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்று ஆராய்ந்து பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

எல்லாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்தது கதவு. அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால் வண்டியின் கதவும் வலப்புறத்தில் இருக்கும். இடப்புறம் செல்லும் நாட்டில் அதே கதவு, வாகனங்கள் விரைந்துவரும் பக்கமாகத் திறக்கும்! ஆகையால் கதவு இடப்புறமோ பின்புறமோதான் இருக்கவேண்டும் என்பது ஆஸ்திரேலிய விதி. கதவை இடம் மாற்றினால் உள்ளே சமையல் மேடை, இருக்கை, அலமாரி எல்லாவற்றையும் மாற்றவேண்டியிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் அந்தச் செய்தியைச் சொன்னார். "அம்மாவையும் மூணு மாசம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் பாப்பா. நீ என்ன சொல்றே?"

அம்மாவுக்கு வயது 78. பூன் லேயில் எங்களோடு வீவக வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி உண்டு. நான் சற்றும் யோசிக்காமல், "அண்ணா, அம்மாவால எப்படி முடியும்? படியேறவே சிரமப்படுறாங்க. இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், முழங்கால் மட்டும் காரணமில்லை. அம்மா இல்லாத வீட்டை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். "ஏம்மாடி, முடியுமா முடியாதான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

மறுநாள் நானே அண்ணனை அழைத்துக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கேட்ட கேள்விகள் மூன்று: "வாசப்படி எத்தனை ஐயா? பிடிச்சுக்கக் கம்பி இருக்கா? நான் எங்க படுப்பேன்?" அண்ணனிடம் பதில் இல்லை. ஐந்தாம் சக்கர வண்டிகளில் பெரும்பாலும் முக்கியப் படுக்கையறை, லாரியின் முதுகுக்கு மேலே உயர்ந்த பகுதியில் இருக்கும். உள்ளேயும் சில படிகள் ஏறவேண்டும். மாதக்கணக்கில் விலையையும் எடையையும் ஒப்பிட்ட அண்ணன், படிகளை எண்ணவே இல்லை.

முடிவில் அவர் உள்ளூர்ப் பட்டறையில் கட்டித் தரச் சொன்னார். கீழ்த்தளத்தில் கதவுக்கு அருகே ஒரு கட்டில், தாழ்வான படிகள், இருபுறமும் கைப்பிடி. உள்ளூர் என்பதற்காக அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மாவின் கேள்விகளுக்கு அங்கே விடை கிடைத்தது என்பதற்காகத்தான்.

இது என் வகுப்பறைக்கும் ஒரு பாடமாயிற்று. பிள்ளைகளுக்குத் தமிழகத்திலிருந்து வரும் கதைநூல்களா, சிங்கப்பூரில் எழுதப்பட்டவையா என்று நாம் அடிக்கடி விவாதிக்கிறோம். நான் உள்ளூர் நூல்களின் பக்கம் நிற்பவள். 'திண்ணை' என்ற சொல்லுக்கே விளக்கம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு, அடுக்குமாடியும் உணவங்காடியும் வரும் கதைகளே ஏற்றவை என்பது என் கட்சி. அம்மா கேட்டதற்குப் பிறகு இருவகை நூல்களையும் மேசைமேல் பரப்பி, "நீங்களே எடுங்கள்" என்றேன். பலர் நான் நினைத்ததைத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரு சிறுமி, தமிழகத்துக் கிராமக் கதையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதுல வர்ற கிணறு எங்க பாட்டி சொன்ன கிணறு மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள். மறுநாள் திண்ணை என்றால் என்ன என்பதையும் பாட்டியிடம் கேட்டு வந்து வகுப்புக்கே விளக்கினாள்.

நூல்களைப் பற்றிய என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் பயணம் செய்யப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்கப் பழகியிருக்கிறேன். வீட்டிலும் வகுப்பிலும் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

வண்டி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. அம்மா நாள்தோறும் மாலையில் எங்கள் அடுக்குமாடியின் படிகளில் மெல்ல ஏறி இறங்கிப் பழகுகிறார். நான் அருகில் நிற்கிறேன். கை பிடிக்கட்டுமா என்று கேட்ட பிறகே பிடிக்கிறேன்.

அன்புடன்,
பூன் லேயிலிருந்து உங்கள் ஆசிரியை